மூன்று மணிச் சங்கும் மூன்றாவது கிண்ணமும்

மலேசியாவில், கிள்ளானுக்குப் பக்கத்து மேருவில் இருந்த அந்தக் கையுறைத் தொழிற்சாலைக்குள் முதல் தடவை நுழைந்த அன்று நான் வாந்தி எடுக்கவில்லை. அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. அன்று நான் எதுவும் சாப்பிட்டிருக்கவில்லை.

ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்க அதில் அம்மோனியா கலந்து வைப்பார்கள். பொதுக் கழிப்பறையை நாலு நாள் பூட்டி வைத்துவிட்டு, திறக்கும்போது வாசலில் பழைய டயரைக் கொளுத்தினால் என்ன வாசனை வருமோ அதுதான் அந்த இடத்தின் காற்று. மூக்கு பழகிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். மூக்கு பழகிவிட்டது. சட்டை பழகவில்லை. நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸுக்குத் திரும்பி பஸ் ஸ்டாப்பில் நின்றால் பக்கத்தில் நிற்பவர்கள் மெல்ல அடுத்த ஸ்டாப் பக்கமாகப் பார்ப்பார்கள்.

வாசனையைவிட மோசம் கைகள். வெள்ளைப் பீங்கான் கைகள், நூற்றுக்கணக்கில், விரல் கீழே தொங்க, ஒரு சங்கிலியில் ஊர்ந்து வரும். பால் தொட்டிக்குள் முங்கும், எழும், சொட்டச் சொட்ட அடுப்புக்குள் போகும். மறுபக்கம் வெளியே வரும்போது ஒவ்வொரு கையிலும் ஒரு தோல் இருக்கும். அங்கே வரிசையாக நிற்கும் பெண்கள் அந்தத் தோலை மணிக்கட்டிலிருந்து உரித்து எடுப்பார்கள். உரிக்கும்போது ஒரு சத்தம் வரும். அதை எழுதிக் காட்ட எனக்கு மனமில்லை. இதைப் படிப்பவர்களில் சிலர் சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம்.

எண்பதுகளின் கடைசி. எய்ட்ஸ் பயத்தில் உலகமே கையுறை கேட்டது. கிள்ளான் வட்டாரத்தில் மழைக்காளான் மாதிரி கையுறைத் தொழிற்சாலைகள் முளைத்தன. எங்கள் கம்பெனி நாலு பேர் கொண்டது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இரண்டு அறை. அடுப்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் ஒரு பெட்டியைச் செய்து விற்றோம். தகரப் பெட்டி, எண் விசைகள், சின்னத் திரை, ரசீது அடிப்பதுபோல ஒரு குட்டி பிரிண்டர். பெட்டியையும் பலகையையும் மற்றவர்கள் செய்தார்கள். உள்ளே ஓடும் புரோகிராம் முழுக்க முழுக்க என் கைவரிசை. அந்தச் சொல்லைத் திருடர்களுக்கும் உபயோகிப்பார்கள் என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

முதலாளி யாழ்ப்பாணத்து வம்சாவளி. அரசாங்கத்தில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு வாங்கிக்கொண்டு வந்தவர். யாரிடம் பேசினாலும் கோப்பில் குறிப்பு எழுதுகிறவர் மாதிரியே பேசுவார். என்னை 'எங்கட சாஃப்ட்வேர் எஞ்சினியர்' என்று வாடிக்கையாளர்களுக்கு அறிமுகப்படுத்துவார். நான் பாலிடெக்னிக்கில் இரண்டாம் தடவை எழுதித்தான் பாஸானேன் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இனி அந்த அக்காவைப் பற்றி. அடுப்பு இயக்குபவள். என் வயதுதான் இருக்கும். நான் அவளை அக்கா என்றேன், அவள் என்னை அண்ணே என்றாள். யார் மூத்தவர் என்று இருவரும் விசாரிக்கவில்லை. காப்பார் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் வளர்ந்தவள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பி, சமைத்து வைத்துவிட்டு வருவதால் எப்போதும் மதிய ஷிப்ட், மூன்று மணியிலிருந்து பதினொன்று வரை. காலை ஷிப்டில் ஒரு அளவுக் கையுறை, மதியம் வேறு அளவு. அதனால் ஷிப்ட் தொடங்கும்போது அடுப்பின் சூட்டை மாற்றி அமைக்க வேண்டும். என் பெட்டியில் 1, 1, 0 என்று அழுத்தி 'என்டர்' தட்டினால் வேலை முடிந்தது. பிறகு அவள் அடுப்பின் மறுமுனைக்குப் போய் நிற்பாள். பெட்டி இந்த முனையில், அவள் அந்த முனையில். இப்படி ஓர் ஏற்பாட்டை யார் யோசித்தது என்று கேட்காதீர்கள். வயர் நீளம் பற்றவில்லை என்று பெட்டியை அந்தத் தூணில் மாட்டியவன் நான்.

பெட்டி மாட்டி ஆறேழு மாதம் ஓடியிருக்கும். தொழிற்சாலையிலிருந்து கூப்பிட்டார்கள். கையுறைகள் கருகி வருகின்றன. பழுப்பு நிறத்தில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. ஒரு கூடையை என் முன்னால் கொண்டுவந்து கவிழ்த்தார்கள். உரித்த தோல்களைக் குழம்பில் போட்டு எடுத்த மாதிரி ஒரு குவியல். நான் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரித்துச் சமாளித்தேன்.

மூன்று தடவை நடந்திருந்தது. மூன்றும் அந்த அக்காவின் ஷிப்டில்.

நான் நேராகப் போய் பிரிண்டர் சீட்டுகளைக் கிழித்து வந்தேன். பெட்டி எல்லாவற்றையும் சீட்டில் அடித்துவிடும்: எத்தனை மணிக்கு, என்ன சூடு வைக்கப்பட்டது என்று. மூன்றிலும் 140. அடுப்பும் ஒழுங்காக 140-க்கு ஏறியிருக்கிறது. ஆக அடுப்பில் குறை இல்லை, பெட்டியில் குறை இல்லை, 140 என்று அழுத்தப்பட்டிருக்கிறது. முடிந்தது கேஸ்.

அவளைக் கூப்பிட்டார்கள். நூற்றுப்பத்துதான் அழுத்தினேன் என்றாள். திரையிலும் 110 என்றுதான் தெரிந்தது என்றாள். மானேஜர் சீனர், நல்ல மனிதர், கத்துகிற ஆள் இல்லை. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சீட்டைத் தூக்கிக் காட்டி, இங்கிலீஷில், மெஷின் பொய் சொல்லாது என்றேன். சொல்லிவிட்டு ஒரு சின்னச் சிரிப்பும் சிரித்தேன். படித்தவன், படிக்காதவளைப் பார்த்துப் பரிதாபத்தோடு சிரிக்கிற சிரிப்பு. இன்றைக்கும் முகம் சவரம் செய்யும்போது எப்போதாவது அந்தச் சிரிப்பு கண்ணாடியில் எட்டிப் பார்க்கும். பிளேடை இன்னும் கொஞ்சம் அழுத்தலாமா என்று தோன்றும்.

அன்று சாயங்காலமே அறிக்கை டைப் அடித்தேன். 'ஆபரேட்டர் எரர்' என்ற இரண்டு வார்த்தைக்கு அடியில் கோடும் போட்டேன். முதலாளி படித்துவிட்டு மிகத் திறமாக இருக்கிறது என்றார்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி என்னை அங்கே அனுப்பினார்கள். ஆபரேட்டர்கள் இஷ்டத்துக்கு விசைகளைத் தொடாதபடி பெட்டிக்கு ஒரு பூட்டு போட வேண்டுமாம். போனேன். அடுப்புப் பக்கம் வேறு ஆள் நின்றார். அக்காவைத் தோல் உரிக்கிற வரிசைக்கு மாற்றியிருந்தார்கள். அங்கே சூடு முகத்தில் அடிக்கும். விரல் நுனி கொப்பளிக்கும். அடுத்த திங்கட்கிழமை அவளுக்கு விசாரணை. தெரிந்தே சரக்கைக் கெடுத்தாள் என்று குற்றச்சாட்டு. நிரூபணமானால் வேலை போய்விடும். சாட்சி யார் என்றால், நானும் என் சீட்டுகளும்.

கேன்டீனில் நான் மீ கோரெங் நூடுல்ஸ் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்தாள். வேறு இடம் இல்லாததால்தான். விரல்களில் பிளாஸ்டர். நான் தட்டைப் பார்த்தேன். அவள்தான் பேச்சை எடுத்தாள். கோபமே இல்லாமல், பக்கத்து வீட்டுக் கதை சொல்கிற மாதிரி.

"காலை ஷிப்ட்காரன் ஏழு மணிக்கு வருவான், தே குடிப்பான், பேப்பர் பார்ப்பான், ஏழேகாலுக்குப் போய் நம்பர் அழுத்துவான். அவன் நல்லவன். நான் சங்கு ஊதுறப்பவே பெட்டி முன்னால நிப்பேன். சங்கு முடியறதுக்குள்ள அழுத்திடுவேன். நான்தான் கெட்டவ. நானும் தே குடிச்சிட்டு வந்திருக்கலாம் இல்ல, அண்ணே?"

இதைச் சொல்லிவிட்டு அவள் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள். நான் சாப்பிடுவதை நிறுத்தினேன்.

மூன்று சீட்டும் என் பையில்தான் இருந்தன. எடுத்துப் பார்த்தேன். மூன்றிலும் நேரம் 3:00. மூன்றிலும் சரியாக அதேதான், ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை. என் பெட்டியின் கடிகாரத்தை, ஷிப்ட் மாறும்போது ஊதும் தொழிற்சாலைச் சங்கைக் கேட்டுத்தான் சரிபண்ணி வைத்திருந்தேன். சங்கு ஊதும் அந்த விநாடியில், ஒவ்வொரு மணியும் பிறக்கும்போது, என் பெட்டிக்குள் ஒரு காரியம் நடக்கும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதியவன் நான்.

இங்கே கொஞ்சம் பாடம் நடத்த வேண்டியிருக்கிறது. பயப்படாதீர்கள், சமையலறைப் பாடம்தான்.

கம்ப்யூட்டர் சில்லுக்குள் ரெஜிஸ்டர் என்று சில கிண்ணங்கள் இருக்கும். எந்தக் கணக்கானாலும் அந்தக் கிண்ணங்களில் போட்டுத்தான் கிண்ட முடியும். நாங்கள் உபயோகித்த சில்லில் எண்களுக்கு எட்டுக் கிண்ணம். கிண்ணம் ஒரு செட்தான், ஆனால் சமைக்கிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் சாதாரண புரோகிராம்: விசையைப் பார்ப்பது, எண்ணைச் சேர்ப்பது போன்ற வேலைகள். அவர் இருக்கிற நிலைக்கு யூசர் மோட் என்று பெயர். இன்னொருவர் கெர்னல், கடை முதலாளி மாதிரி. கடிகாரம் 'டிக்' என்றால் போதும், சமையல்காரர் கையில் கரண்டி இருக்கும்போதே முதலாளி உள்ளே நுழைந்துவிடுவார். சமையல்காரர் அப்படியே உறைந்து நிற்பார். முதலாளி அதே கிண்ணங்களில் தன் கணக்கைப் போட்டுவிட்டு வெளியே போவார். சமையல்காரருக்கு முதலாளி வந்துபோனதே தெரியாது. விட்ட இடத்திலிருந்து கிண்டுவார்.

ஆகவே முதலாளிக்கு ஒரு மரியாதை உண்டு. உள்ளே வந்ததும் கிண்ணங்களில் இருப்பதை அப்படியே பத்திரமாக ஓரிடத்தில் எடுத்து வைக்க வேண்டும். போகும்போது அவரவர் கிண்ணத்தில் திரும்ப ஊற்றிவிட்டுப் போக வேண்டும். எந்த வரியில் வேலை நின்றது என்பதைச் சில்லே குறித்து வைத்துக்கொள்ளும். கிண்ணங்களைக் காப்பாற்றுவது புரோகிராம் எழுதுகிறவன் பொறுப்பு.

எல்லாக் கிண்ணத்தையும் எடுத்து வைக்க ஒரே ஒரு கட்டளை போதும். நான் அப்படிச் செய்யவில்லை. ஒவ்வொரு கிண்ணத்துக்கும் கொஞ்சம் நேரம் பிடிக்கும். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் பேர்வழி என்று, கெர்னல் தொடுகிற கிண்ணங்களை மட்டும் எடுத்து வைத்தேன். எண் கிண்ணத்தில் முதல் இரண்டு. புரோகிராமில் அந்த வரிக்குப் பக்கத்தில் குறிப்பும் எழுதியிருந்தேன்: 'நாம் அழுக்காக்குவதை மட்டும் கழுவினால் போதும்.' எழுதிவிட்டு நானே ரசித்திருப்பேன். என்னை எனக்குத் தெரியும்.

பிறகு மானேஜர், மணிக்கொரு தடவை அடுப்பின் சராசரிச் சூட்டையும் சீட்டில் அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். அதற்கென்ன என்றேன். கீழ்க் கடையில் இலை போட்டு, மீன் குழம்பு இரண்டாம் தடவை வாங்கி, ரசம் குடித்து, மோரும் குடித்துவிட்டு மேலே வந்து அரைக்கண்ணில் எழுதினேன். அடுப்பில் பதினாலு இடத்தில் சூடு அளக்கும் கம்பிகள். பதினாலையும் கூட்டி வகுக்கும் சின்னக் கணக்கு. எண்ணிக்கை வைத்துக்கொள்ள ஒரு கிண்ணம் வேண்டியிருந்தது. மூன்றாவதை எடுத்துக்கொண்டேன். எடுத்து வைக்கிற பட்டியலில் அதைச் சேர்க்கவில்லை. ஏப்பம் விட்டேன், அது ஞாபகம் இருக்கிறது.

அந்த மூன்றாவது கிண்ணத்தில்தான் சமையல்காரர் அக்கா அழுத்தும் எண்ணைச் சேர்த்துக்கொண்டிருந்தார். 1 அழுத்தினால் ஒன்று. மறுபடி 1 அழுத்தினால் பதினொன்று. அந்த நொடி மூன்று மணி பிறக்கிறது. முதலாளி நுழைகிறார், பதினாலு கம்பியையும் எண்ணுகிறார், கிண்ணத்தில் பதினாலை விட்டுவிட்டுப் போகிறார். அக்கா 0 அழுத்துகிறாள். நூற்றுநாற்பது. திரையில் அவள் அழுத்திய விசைகள் அப்படியே தெரியும், 110 என்று. சீட்டில் கிண்ணத்தில் இருந்தது அச்சாகும், 140 என்று. இரண்டாவது விசைக்கும் மூன்றாவது விசைக்கும் நடுவே சரியாக மணி பிறந்தால் மட்டும்தான் இந்த விபத்து. வேறு இடத்தில் குறுக்கிட்டால் எண் கோணலாகி, பெட்டி 'பீப்' என்று கத்தி மறுபடி கேட்கும். அதனால்தான் தினமும் நடக்காமல் ஆறேழு மாதத்தில் மூன்று தடவை. பேப்பர் படித்துவிட்டு ஏழேகாலுக்கு அழுத்துகிறவனுக்கு இது ஜென்மத்துக்கும் நடக்காது. அந்தத் தொழிற்சாலையிலேயே ஒழுங்காக நேரத்துக்கு வருகிற ஒரே ஆளைத் தேடிப் பிடித்துக் குற்றவாளியாக்க, நான் பிரயாசைப்பட்டு ஒரு பொறி செய்து தூணில் மாட்டியிருந்தேன்.

புரோகிராம் அச்சு ஒரு கட்டுத் தாளாகப் பைக்குள் இருந்தது. அதே மேசையில், மீ கோரெங் எண்ணெய் பட்டுக்கொண்டிருக்க, அந்த வரியைத் தேடினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பட்டியலில் மூன்றாவது கிண்ணம் இல்லை. பக்கத்தில் கழுவுவதைப் பற்றிய என் பொன்மொழி.

கேன்டீனுக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தேன். உரிக்கும் வரிசையிலிருந்த ஒரு ஆன்டி ஓடிவந்து முதுகைத் தடவி, அம்மோனியா புதுசா வர்றவங்களுக்கு ஒத்துக்காது பிள்ள, என்று கோப்பையில் தண்ணீர் கொடுத்தார். ஆமாம் ஆன்டி, அம்மோனியாதான் என்றேன். அன்றைய கணக்கில் அது முதல் பொய்.

அக்கா சாப்பிட்டு முடித்து டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளைத் தாண்டித்தான் கம்பெனி மோட்டார் சைக்கிளை எடுக்கப் போக வேண்டும். தாண்டிப் போனேன். போகும்போதே ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன்.

பிரிக்பீல்ட்ஸில் முதலாளியிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அதே பெட்டி இன்னும் இரண்டு தொழிற்சாலைக்குப் போக இருந்தது. நான் கேட்டது ஒன்றுதான்: திங்கட்கிழமை விசாரணையில் இதைச் சொல்லட்டுமா. அவர் கோப்பில் எழுதுகிற குரலில் சொன்னார்:

"தம்பி, நீர் சிப்பை மாத்தும். வாயைத் திறக்காதேயும். அந்தப் பிள்ளைக்கு ஏதும் நடக்காமல் பாத்துக்கொள்ளலாம்."

எப்படிப் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததற்கு அவரைக் காரணம் சொல்ல முடியாது. வாய் என்னுடையது.

திங்கட்கிழமை கிள்ளானுக்குப் போகும் கூட்டரசு நெடுஞ்சாலை முழுக்க, ஹெல்மெட்டுக்குள், உண்மையைச் சொல்வதற்கு ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ஹெல்மெட்டுக்குள் நான் பெரிய வீரன். விசாரணை அறையில் ஏர்கான், நீள மேசை, மேனேஜ்மென்ட் பக்கம் மூன்று பேர், அக்கா, அவளுக்குத் துணையாக ஒரு தோழி. என் பக்கத்தில் முதலாளி, டை கட்டிக்கொண்டு. மெஷின் தப்பு செய்ய வாய்ப்பு உண்டா என்று மானேஜர் கேட்டார். உண்டு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். நான் 'தியரட்டிக்கலி' என்று ஆரம்பித்தேன். அந்த வார்த்தைக்கும் நான் கூடையில் பார்த்த கருகிய கையுறைக்கும் ஒரே பிசுபிசுப்பு. மின்சாரத்தில் ஏற்ற இறக்கம், வெளி இரைச்சல், எதையும் முழுசாக மறுக்க முடியாது, அதே சமயம் உறுதியாகவும் சொல்ல முடியாது. கால் மணி நேரம் பேசினேன். மலாயில் மொழிபெயர்த்தவர் பாதியில் நிறுத்தி, சுருக்கமாச் சொல்லுங்க லா என்றார். சுருக்கினால் நிர்வாணமாகிவிடுவேன் என்பதால் இன்னும் நீட்டினேன். எதிரே அக்கா, பிளாஸ்டர் ஒட்டிய விரல்களை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலாளி காலால் என் ஷூவைத் தட்டி, நன்றாகப் போகிறது என்று ஜாடை காட்டினார்.

அவள் வேலை போகவில்லை. அந்தக் குழப்பத்தில் யாராலும் அவளை வெளியே அனுப்ப முடியவில்லை. பாத்துக்கொள்ளலாம் என்று முதலாளி சொன்னது இதைத்தான் போலிருக்கிறது. நான் வீட்டுக்குப் போய் இரண்டு தடவை குளித்தேன்.

அந்த வாரமே, திருத்திய புரோகிராமை ஏற்றிய புது சிப்போடு மேருவுக்குப் போனேன். இம்முறை எல்லாக் கிண்ணத்தையும் எடுத்து வைத்து, எல்லாவற்றையும் திரும்ப ஊற்றும் புரோகிராம். அக்கா பழையபடி அடுப்புக்கு வந்திருந்தாள். நான் பெட்டியைத் திறந்து பழைய சிப்பை நெம்பிக்கொண்டிருந்தபோது, எப்போதும் நிற்கிற முனையை விட்டுவிட்டு என் பக்கமாக வந்தாள். கையில் கம்பெனிக் கடிதம். இங்கிலீஷில் இருக்கு, படிச்சுச் சொல்லுங்க அண்ணே என்றாள்.

படித்தேன். அவள்மேல் நடவடிக்கை எதுவும் இல்லை என்று சொன்னேன்.

"நான் தப்பு பண்ணலன்னு போட்டிருக்கா?"

மறுபடி படித்தேன். கடிதம் நாலே வரிதான். நாலு வரியைப் படிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்ள முடியுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டேன்.

"இல்லக்கா. போதுமான ஆதாரம் இல்லன்னு போட்டிருக்கு."

"அப்ப திருடிதான். பிடிபடல. அவ்வளவுதானே?"

நான் சிப்பைத் துடைத்தேன். துடைக்க அதில் ஒன்றுமில்லை. அவள் அதைப் பார்த்துக்கொண்டே, எதற்காக மாற்றுகிறீர்கள் என்று கேட்டாள். புது வெர்ஷன் என்றேன்.

"பழசுல என்ன கொற?"

அந்தக் கேள்வியை விசாரணையில் உட்கார்ந்திருந்த மூன்று பேரில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதற்கும் ஒரு தியரட்டிக்கலி வைத்திருந்தேன். இப்போது கையில் ஸ்குரூடிரைவர் மட்டும்தான் இருந்தது.

"நீங்க நூத்திப்பத்துதான் அழுத்துனீங்க," என்றேன். "நான் எழுதுனதுல தப்பு. அதுதான் நூத்திநாப்பது ஆக்கிச்சு."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"அன்னிக்கு கேன்டீன்லேர்ந்து."

அவள் மனதுக்குள் நாள் எண்ணியது எனக்குத் தெரிந்தது. கேன்டீன், பிறகு திங்கட்கிழமை. எண்ணி முடித்ததும் என்னைப் பார்த்தாள். நடந்து வரும்போது செருப்பில் எதையோ மிதித்துவிட்டு, காலைத் தூக்கி என்னவென்று பார்ப்போமே, அந்தப் பார்வை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, கடிதத்தைத் திருப்பி, வெறும் பக்கத்தைப் பெட்டியின் மேல் வைத்தாள்.

"எழுதுங்க."

எழுதினேன். 'இயந்திரத்தில் ஏற்பட்ட எதிர்பாராத கோளாறு காரணமாக' என்று பேனா தானாகவே ஆரம்பித்தது. அவள் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"மெஷினு தானா வந்து தூணுல குந்திக்கிச்சா? யார் செஞ்சது?"

அடித்துவிட்டு எழுதினேன். 'நான் எழுதிய புரோகிராமில் நான் செய்த தவறால்.' மூன்று தேதிகளையும் போடச் சொன்னாள், அவளுக்கு மனப்பாடம். அவள் சரியாகவே அழுத்தினாள் என்று ஒரு வரி. தெரிந்தும் விசாரணையில் சொல்லவில்லை, அதையும் போடுங்க என்றாள். அங்கே பேனா நின்றது. அவள் அவசரப்படுத்தவில்லை. பீங்கான் கைகள் எங்களுக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டே ஊர்ந்து போயின. எழுதினேன். கையெழுத்து போட்டேன். ஐசி நம்பர் என்றாள், அடையாள அட்டை எண். போட்டேன். அடியில் மலாயிலும் எழுதுங்க, மானேஜர் படிக்கணும் இல்ல என்றாள். என் மலாய் மட்டம். எழுத்துப் பிழைகளோடு, பள்ளிக்கூடத்தில் நூறு தடவை எழுதச் சொன்ன தண்டனை மாதிரி, அதையும் எழுதினேன்.

அவள் நன்றி சொல்லவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய் நகல் எடுத்து வந்தாள். ஒன்றை மானேஜர் மேசையில் வைத்தாள். ஒன்றை வருகை பதியும் பஞ்ச் கார்டு மெஷினுக்கு மேல் இருக்கிற அறிவிப்புப் பலகையில், பொதுவிடுமுறைப் பட்டியலுக்குப் பக்கத்தில், நாலு மூலையிலும் ஊசி குத்தி மாட்டினாள்.

மானேஜர் வேறு கடிதம் கொடுத்தார். அதில் ஆதாரத்தைப் பற்றிப் பேச்சு இல்லை, தப்பு அவளுடையது அல்ல என்று இருந்தது. என் முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வேலையை விட்டு நிறுத்தவும் இல்லை. அந்தப் புரோகிராமைப் படித்துப் புரிந்துகொள்ள வேறு ஆள் இல்லை. குப்பையாக எழுதுவதில் இப்படி ஒரு சௌகரியம்.

பலகையிலிருந்த தாளை யாரும் எடுக்கவில்லை. மூன்று ஷிப்ட் ஆட்களும் கார்டு குத்தும்போது அதைப் படித்தார்கள். அதற்குப் பிறகு சர்வீசுக்குப் போகும்போதெல்லாம், கேட்டில் வருகையாளர் புத்தகத்தில் பெயரும் ஐசி நம்பரும் எழுத வேண்டும். காவலாளி அண்ணன் நான் எழுதியதைப் பார்ப்பார், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெரிகிற பலகையைப் பார்ப்பார், மறுபடி புத்தகத்தைப் பார்ப்பார்.

"தம்பி, அது நீங்கதானா?"

"ஆமாண்ணே, நான்தான்."

அவர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போகிற பாஸைக் கொடுப்பார். மாதத்துக்கு ஒரு காவலாளி என்று மாறிக்கொண்டே இருப்பார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.